கை எட்டும் நேரம்: பெடல்களைப் பாட வைக்க லூப் பாக்ஸா, மிக்சரா, டிலேயே போதுமா?

கையில் ஒலியைக் கரகரக்க வைக்கும் ஒரு ஃபஸ், எதிரொலி தரும் ஒரு டிலே, ஒலியைச் சுழல வைக்கும் ஒரு ஃபேசர் எனக் காலால் இயக்கும் மூன்று நான்கு எஃபெக்ட்ஸ் பெடல்கள் இருக்கின்றன. அவற்றைக் கிட்டாரின் ஒலிக்கு மெருகூட்டும் துணைக்கருவிகளாக மட்டும் வைத்திருக்காமல், அவற்றையே வாத்தியமாக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. இந்த இடத்தில் நிற்பவர் தேர்ந்தெடுப்பதற்கு நான்கு வழிகள் உள்ளன. டிலே பெடலின் உள்ளேயே இருக்கும், வெளிவரும் ஒலியை மீண்டும் உள்ளே அனுப்பும் பின்னூட்டக் குமிழை எல்லை வரை திருகிப் பழகலாம். பெடலின் வெளியீட்டை அதன் உள்ளீட்டுக்கே திருப்பிவிடும், பேட்டரி தேவைப்படாத எளிய லூப் பாக்ஸ் ஒன்றை வாங்கலாம், அல்லது தானே செய்துகொள்ளலாம். மின்சுற்று உள்ள, விலை கூடிய லூப் பாக்ஸுக்குப் போகலாம். இல்லையெனில், பல ஒலிகளைக் கலக்கும் ஒரு சிறிய மிக்சரின் வெளியீட்டைப் பெடல்கள் வழியாக அதன் உள்ளீட்டுக்கே திருப்பிவிடலாம். நான்கிலும் சில ஆண்டுகள் உழன்றிருக்கிறேன். எந்த வழி அதிகச் சத்தம் தரும், எது விசித்திரமான ஒலி தரும் என்று ஒப்பிட்டால் முடிவுக்கு வரவே முடியாது, ஏனென்றால் நான்குமே இரண்டையும் தரும். ஒலி கையை மீறிப் போவதற்கு முன் உங்கள் கைக்கோ காலுக்கோ எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் வேறுபாடுகள் தெளிவாகப் பிரிகின்றன.

இந்த அளவுகோல் ஏன் முக்கியம் என்பதற்குச் சிறிது கணக்கு வேண்டும். பெடலின் வெளியீட்டிலிருந்து ஒரு பங்கை எடுத்து அதன் உள்ளீட்டிலேயே கொடுத்தால், அந்தச் சமிக்ஞை மீண்டும் மீண்டும் சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது புறப்பட்டபோது இருந்த வலிமைக்குக் குறையாமலும், அலையின் ஏற்ற இறக்கம் முந்தைய சுற்றோடு ஒத்துப்போகும்படியும் திரும்பி வந்தால் அலைவு தானாகவே நீடிக்கும். ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் பார்க்ஹவுசன் 1921-இல் வகுத்த நிபந்தனை இதுதான். திருவிழா மேடையில் மைக் ஊளையிடத் தொடங்கியதும் மைக் செட்காரர் ஓடிச் சென்று குமிழைக் குறைக்கிறாரே, அவர் குறைத்து நிறுத்தும் இடத்துக்கு ஒரு மயிரிழை மேலேயும் கீழேயுமாகத்தான் நாம் வேலை செய்ய விரும்புகிறோம். சுற்றின் பெருக்கம் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் ஒலி நீண்டு தேய்கிறது. ஒன்றைச் சற்றே தாண்டினால் வளர்கிறது. எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பது, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. பெருக்கம் 1.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டுச் சுற்றுகளில் ஒலி இரட்டிப்பாகிவிடும். 300 மில்லி செகண்ட் டிலேயில் இதற்கு இரண்டு செகண்டுக்கு மேல் ஆகும். 5 மில்லி செகண்ட் சுற்றில் 40 மில்லி செகண்டுக்குள் முடிந்துவிடும். வெறும் ஃபஸ்ஸை மட்டும் சுற்றில் வைத்தால் அதைவிடவும் மிக விரைவு. காதால் கேட்டு விரலை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ 150 முதல் 200 மில்லி செகண்ட் வேண்டும் என்பதை இதன் அருகில் வைத்துப் பார்த்தால், எங்கே வளர்ச்சியை வாசிக்கலாம், எங்கே தொடங்குவதையும் நிறுத்துவதையும் மட்டுமே வாசிக்கலாம் என்பது விளங்கும்.

டிலே பெடலின் சொந்தக் குமிழிலிருந்து தொடங்குவது நல்லது, அதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. குறிப்பாக, சமிக்ஞையைப் படிபடியாகக் கைமாற்றித் தாமதப்படுத்தும் பக்கெட் பிரிகேட் சில்லு கொண்ட பழைய பாணி அனலாக் டிலேக்கள் இதற்கு மிக இணக்கமானவை. எம்என்3005 என்ற சில்லில் 4096 படிகள் உண்டு. கைமாற்றும் வேகத்தை நிர்ணயிக்கும் கடிகாரம் 10 கிலோஹெர்ட்ஸில் துடித்தால் அது சுமார் 205 மில்லி செகண்ட் தாமதம் தரும். ஒவ்வொரு சுற்றிலும் மேல் அதிர்வெண்கள் கொஞ்சம் உதிர்வதால், ஒலி வளர வளர மங்கி, உருண்டு, ஒரு பெரிய முழக்கமாகிறது. அந்த வேளையில் தாமதக் குமிழைத் திருகினால் கடிகாரம் மாறி, சில்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒலியின் சுருதியே சறுக்கிக்கொண்டு ஏறி இறங்கும். கைக்குக் கிடைக்கும் நேரம் இங்கே தாராளம். ஆனால் வளையம் பெடலுக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. அதற்குள் ஃபஸ்ஸையோ ஃபேசரையோ நுழைக்க வழியில்லை; எனவே சில மாதங்களில் அந்த முழக்கம் உங்களுடையது என்பதைவிட அந்தப் பெடலுடையது என்று தோன்றத் தொடங்கும். பல டிஜிட்டல் டிலேக்கள் பின்னூட்டம் எல்லை மீறாதபடி உள்ளுக்குள்ளேயே கட்டுப்படுத்தப்பட்டிருக்கும் என்பதையும் வாங்கும் முன் கேட்டறிய வேண்டும்.

அடுத்தது எளிய லூப் பாக்ஸ். இதில் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்கும்போது தெரிவதைவிட மிகுதியாக இதற்குள் நடக்கிறது. ஒரு சிறிய அலுமினியப் பெட்டி, நான்கு மோனோ ஜாக்குகள், ஒரு பொட்டென்ஷியோமீட்டர் (திருகினால் மின்தடை மாறும் குமிழ்), காலால் அழுத்தும் ஒரு ஸ்விட்ச்: பொருள்கள் அவ்வளவுதான். சென்னை ரிச்சி தெருவில் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சேகரித்துவிடலாம். கிட்டார் வரும் ஜாக்கின் முனையும் பெடலுக்குப் போகும் ஜாக்கின் முனையும் ஒன்றாக இணைந்திருக்கும். பெடலிலிருந்து திரும்பும் ஜாக்கின் முனையும் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஜாக்கின் முனையும் ஒன்றாக இணைந்திருக்கும். இந்த இரண்டு சந்திப்புகளையும் பொட்டென்ஷியோமீட்டர், ஸ்விட்ச் வழியாக இணைத்தால் பின்னூட்ட வளையம் தயார். நியூயார்க்கின் டெத் பை ஆடியோ நிறுவனம் விற்ற டோட்டல் சோனிக் அனைஹிலேஷன் இந்த வகையில் பலரும் அறிந்த பெடல்.

இப்பெட்டியின் சிறப்பும் சிக்கலும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன: இதில் எதையும் எதிலிருந்தும் பிரித்து வைக்கும் மின்சுற்று கிடையாது. கிட்டார் நேரடியாக வளையத்தின் உடம்போடு ஒட்டியிருக்கிறது. தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் அதன் பிக்-அப் சுருள் சில ஹென்ரி தூண்டம் உள்ளது; வால்யூம், டோன் குமிழ்கள் மின்தடையாகவும் மின்தேக்கியாகவும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. ஆகவே காலால் ஸ்விட்சை மிதித்தபடி கிட்டாரின் டோன் குமிழைத் திருகினால், தந்தியைத் தொடாமலேயே ஊளையின் சுருதி நகரும். பெரும்பாலான கிட்டார்களில் வால்யூமைச் சுழிக்குக் கொண்டுவந்தால் அந்தச் சந்திப்பே தரையிணைப்போடு சேர்ந்து வளையம் சட்டென்று அடங்கும். சுழிக்குச் சற்று மேலே, குமிழின் முதல் ஒரு மில்லிமீட்டர் நகர்வில், ஒலி விக்கி விக்கித் தட்டுத்தடுமாறும் ஒரு குறுகிய இடம் இருக்கிறது. சுண்டு விரலால் அந்த இடத்தைப் பிடித்து வைத்திருப்பதுதான் எனக்கு இந்தப் பெட்டியின் முழு மதிப்பும். வேறெந்த வழியிலும் இது கிடைக்கவில்லை.

சிக்கல் என்னவென்று நானே ஒரு மாலை முழுவதையும் இழந்து கற்றுக்கொண்டேன். புதிதாகப் பற்றவைத்த பெட்டி வீட்டில் நன்றாகப் பாடியது; ஒத்திகை அறையில் என் முழுப் பெடல் பலகையோடு இணைத்தபோது ஒரு முணுமுணுப்புக்கு மேல் வரவில்லை. ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று எண்ணி ஒவ்வொரு இணைப்பையும் பிரித்து மறுபடியும் பற்றவைத்தேன். காரணம் பெட்டியில் இல்லை, அதற்கு முன்னால் இருந்த, சுருதி சரிபார்க்கும் டியூனரில் இருந்தது. அந்த டியூனருக்குள் பஃபர், அதாவது சமிக்ஞையை வலுவாகத் தாங்கி அனுப்பும் சிறு மின்சுற்று, இருந்தது. அதன் வெளியீட்டு மின்மறுப்பு (சமிக்ஞைக்கு அது காட்டும் தடை) ஒரு கிலோ ஓம் அளவுக்கோ அதற்கும் கீழேயோ இருக்கும். 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் வழியாகத் திரும்பி வரும் சமிக்ஞை அந்த ஒரு கிலோ ஓமில் வடிந்துபோனால் மீள்வது நூறில் ஒரு பங்கு, அதாவது 40 டெசிபல் இழப்பு. வீட்டில் கிட்டார் மட்டும் இருந்ததால் அப்படி வடியவில்லை. எளிய லூப் பாக்ஸைத் தேர்ந்தெடுப்பவர் அதைக் கிட்டாருக்கு அடுத்த முதல் இடத்தில் வைக்க வேண்டும், அல்லது உள்ளீட்டு ஜாக்கில் எதையும் செருகாமல் பெடல்களை மட்டும் பாட விட வேண்டும். இரண்டுக்கும் மனம் ஒப்பாதவருக்கு இந்தப் பெட்டி ஏமாற்றமே தரும்.

ஸ்விட்சைப் பற்றியும் ஒரு சொல். மிதித்தால் நிலைத்துவிடும் ஸ்விட்சைக் காட்டிலும், காலை எடுத்தவுடன் அறுந்துவிடும் ஸ்விட்சே மேல் என்பது என் உறுதியான கருத்து. ஃபஸ் மட்டும் உள்ள வளையம் கை அசையும் முன்பே உச்சத்துக்குப் போய்விடும் என்று மேலே பார்த்தோம். அத்தகைய வளையத்தில் வளர்ச்சியை அல்ல, வெட்டுகளைத்தான் வாசிக்க முடியும். காலடி தாளக் கருவியின் அடியாக மாறும்போதுதான் அது இசையாகிறது.

வளையத்துக்குள் எந்தப் பெடலை வைப்பது என்பது பெட்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு இணையான முடிவு. ஃபஸ் வலிமையைத் தருகிறது, ஆனால் எந்தச் சுருதி வெல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. அதைச் சொல்வது, ஒவ்வொரு அதிர்வெண் பட்டையையும் தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர். பாஸ் நிறுவனத்தின் ஜிஇ-7 போன்ற ஒன்றில் 100 ஹெர்ட்ஸில் தொடங்கி 6.4 கிலோஹெர்ட்ஸ் வரை, ஒவ்வொன்றும் முந்தையதன் இருமடங்காக, ஏழு பட்டைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் 15 டெசிபல் ஏற்றவோ இறக்கவோ முடியும். 800 ஹெர்ட்ஸ் பட்டையை மட்டும் மேலே தள்ளிவிட்டால், சுற்றும் அலைகளுக்குள் நடக்கும் போட்டியில் அந்தச் சுற்றுவட்டாரமே பெரும்பாலும் முந்துகிறது. அதை மெல்ல இறக்கி 400-ஐ ஏற்றும்போது ஒலி வழுக்கிப் போகாமல் ஒரு கணம் இரண்டுக்கும் நடுவே நடுங்கிவிட்டுத் தாவும். ஃபேசர் வேறு விதமானது: அது அலையின் கட்டத்தையே (ஏற்ற இறக்கம் நிகழும் நேரத்தையே) நகர்த்துவதால் எந்த அதிர்வெண்ணில் வளையம் ஒத்துப்போகும் என்பது அதன் ஊசலோடு சேர்ந்து நகர்ந்து, சைரன் போல ஏறி இறங்கும். சுருதி மாற்றும் பெடலை வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒலி ஒரு படி ஏறிப் படிக்கட்டாகிறது. இருப்பதிலேயே ஒன்றை மட்டும் கூடுதலாக வாங்கலாம் என்றால் ஈக்வலைசரைத்தான் சொல்வேன்.

மின்சுற்று உள்ள லூப் பாக்ஸ் மேற்சொன்ன டியூனர் சிக்கலை முற்றிலும் நீக்குகிறது. உள்ளீட்டையும் திரும்பும் சமிக்ஞையையும் தனித்தனியே தாங்கி, பிறகு கலந்து அனுப்புவதால், முன்னால் எது இருந்தாலும் வளையத்தின் பெருக்கம் மாறாது. குமிழின் எந்த இடத்தில் ஊளை தொடங்குகிறது என்பதை நேற்றுக் குறித்துவைத்திருந்தால் இன்றும் அநேகமாக அங்கேயே தொடங்கும். கிட்டாரின் குமிழ்கள் வளையத்தின் மீது கொண்டிருந்த நேரடிப் பிடியை இதற்கு விலையாகக் கொடுக்கிறோம். எனினும் இவ்வகைப் பெட்டிகள் சிலவற்றில் இருக்கும் ஒரு சிறிய ஸ்விட்சுக்காகவே இந்த விலையைக் கொடுக்கலாம் என்று சில நாட்களில் எனக்குத் தோன்றுவதுண்டு. அலையைத் தலைகீழாக்கும் ஸ்விட்ச் அது. 5 மில்லி செகண்ட் வளையம் நேராக இருக்கும்போது 200, 400, 600 ஹெர்ட்ஸ் என்ற வரிசையில் ஒலிக்கத் தயாராக இருக்கும். தலைகீழாக்கினால் 100, 300, 500 என்ற வரிசைக்கு மாறிவிடும். அடிச்சுருதி ஒரு ஸ்தாயி இறங்கி, ஒலியின் நிறம் குழாயூதுவது போல உள்ளே வெறுமையாகிறது. ஒரே பெடல், ஒரே அமைப்பு, இரண்டு வாத்தியங்கள். பெடலே உள்ளுக்குள் அலையைத் தலைகீழாக்கும் வகையாக இருந்து, எளிய பெட்டியில் எதிர்பார்த்தபடி பாடாமல் அடம்பிடித்தால், அதற்கும் இந்த ஸ்விட்சே மருந்து.

மிக்சரின் வழி முற்றிலும் வேறு மனநிலையைக் கேட்கிறது. ஜப்பானின் தோஷிமாரு நகமுரா, உள்ளீடு எதுவும் இல்லாத மிக்சரையே தம் வாத்தியமாக்கி 1990-களின் பிற்பகுதியிலிருந்து வாசித்துவருபவர். அவருக்கு முன்பே அமெரிக்கரான டேவிட் டியூடர் 1970-களில் மின்கருவிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலவிட்டு வெளி ஒலி எதுவுமின்றி இசை படைத்தார். (அந்த டியூடர்தான் 1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து மோக் சிந்தசைசரோடு ஒரு மின்னிசைக் கூடத்தை அமைத்துக் கொடுத்தவர், இந்தியாவில் இவ்வகைத் தேடல் அவ்வளவு முன்பே தொடங்கியது என்பதை நாம் அதிகம் நினைவுகூர வேண்டும்.) நடைமுறையில், சேனல்களின் ஒலியில் ஒரு பங்கைத் தனியே வெளியே அனுப்பும் ஆக்ஸ் வெளியீட்டிலிருந்து ஒரு கேபிளை எடுத்து ஃபஸ், டிலே வழியாக முதல் சேனலின் லைன் உள்ளீட்டில் செருகி, அதே சேனலின் ஆக்ஸ் குமிழை மெதுவாகத் திறந்தால் போதும். சேனலின் ஈக்வலைசர் வளையத்துக்குள்ளேயே அமைந்துவிடுவதால் தனியாக ஒன்றை வாங்க வேண்டியதில்லை. இரண்டு ஆக்ஸ் உள்ள மிக்சரில் இரண்டு வளையங்களை அமைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் துளி கசியவிட்டால், அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, யாரும் கட்டளையிடாமலேயே தாளக்கட்டுகளை உருவாக்குகின்றன.

மிக்சர் வாங்கும் முன் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: ஆக்ஸ் வெளியீடு, சேனலின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்னிருந்து எடுக்கப்படுகிறதா, பின்னிருந்தா? பின்னிருந்து என்றால் ஃபேடரைக் குறைக்கும்போது கேட்கும் ஒலியோடு வளையமும் சாகும். முன்னிருந்து என்றால் வளையம் மறைவில் சுழன்றுகொண்டே இருக்க, வெளியே வரும் அளவை மட்டும் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். வளையத்தை ஒலியில்லாமல் பக்குவப்படுத்திவிட்டு, வேண்டிய கணத்தில் திறந்துவிட முடிவதே முன்னிருந்து எடுப்பதன் பெரும்பயன். கிட்டாரை நேரடியாக லைன் உள்ளீட்டில் செருகினால் அதன் மேல் ஒலி மங்கிப்போகும் என்பதால், இடையில் கிட்டாரின் சமிக்ஞையை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸ் அல்லது ஒரு பஃபர் பெடல் வேண்டும். மிக்சரின் இன்னொரு இயல்பு, அது இரண்டு கைகளையும் முழுமையாகக் கேட்கும். கிட்டார் வாசித்துக்கொண்டே இதைக் கையாள நான் முயன்று, இரண்டையும் அரைகுறையாகச் செய்திருக்கிறேன்.

எந்த உள்ளீட்டையும் எந்த வெளியீட்டோடும் கலக்கக்கூடிய மேட்ரிக்ஸ் மிக்சர் இவற்றுக்கெல்லாம் அடுத்த படி. நான்கு வரவு, நான்கு செலவு என்றால் பதினாறு குமிழ்கள். முதல் கருவியாக அதை வாங்குவது வீண். ஒரு வளையத்தின் குணத்தைக் கைக்குப் பழக்கிக்கொண்ட பிறகே அது பொருள்படும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் செவிப் பாதுகாப்புக்கான ஏற்பாட்டை அதன் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். 9 வோல்ட் பெடல் ஒன்று உச்சத்தில் கத்தும்போது சாதாரண லைன் அளவைவிடக் கூடுதலான மின்னழுத்தத்தை வெளியே தள்ளக்கூடும், அதுவும் முன்னறிவிப்பின்றி, 3 கிலோஹெர்ட்ஸ் போன்ற காது மிகக் கூர்மையாக உணரும் இடத்தில். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடம். வளையத்துக்கு வெளியே, ஆம்ப்ளிஃபயருக்கு முன்பாக, ஒலி குறித்த அளவைத் தாண்டாமல் தடுக்கும் ஒரு லிமிட்டரையும் ஒரு வால்யூம் பெடலையும் வையுங்கள். லிமிட்டரை வளையத்துக்குள் வைத்தால் அது பாதுகாப்பாகாமல் ஒலியின் இன்னொரு பகுதியாகிவிடும். ஹெட்போனில் பழகுவதை நான் அறவே விட்டுவிட்டேன். ஒரு முறை காதில் விழுந்த கீச்சு இரண்டு நாள் ரீங்காரமாக நின்றது, அது போதும்.

இனி தேர்வு. கிட்டாரோ வேறு வாத்தியமோ வாசித்தபடி, பாட்டின் நடுவே சில கணங்கள் வெடித்துவிட்டுத் திரும்ப நினைப்பவர், காலை எடுத்தால் அறுந்துவிடும் ஸ்விட்ச் கொண்ட எளிய பெட்டியைச் செய்துகொள்ளட்டும். ஒரு டிலே வாங்கும் காசில் சிறு பங்குகூட ஆகாது, கிட்டாரின் குமிழ்களோடு அது கொள்ளும் உறவுக்கு ஈடுமில்லை. பெரிய பெடல் பலகையின் நடுவில், மேடைதோறும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பவருக்கு மின்சுற்று உள்ள பெட்டி, அதுவும் தலைகீழாக்கும் ஸ்விட்சோடு. கைகள் இரண்டும் விடுதலையாக இருந்து, அரை மணி நேரம் ஒரே ஒலியின் நிறமாற்றத்தை உட்கார்ந்து கவனிக்கும் பொறுமையும் உள்ளவர் வேறெதையும் பார்க்காமல் இரண்டு ஆக்ஸ் உள்ள பழைய மிக்சர் ஒன்றைத் தேடிப் பிடிக்கலாம். கீறல் விழுந்த, குமிழ் சொரசொரக்கும் மிக்சர்கூட இந்த வேலைக்குக் குறைவில்லை. மூன்றில் எதுவானாலும் வளையத்துக்குள் ஒரு டிலேயை, 200 மில்லி செகண்டுக்குக் குறையாமல் வைத்துத் தொடங்கினால், கை பழகும் வரை ஒலி உங்களுக்காகக் காத்திருக்கும்.

ஃபஸ்ஸைத் தேர்ந்தெடுப்பதிலும், மேடைதோறும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுமா என்ற கேள்வி வரும். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கொண்டவை வளையத்துக்குள் மிக அழகாகக் குழைகின்றன, ஆனால் வெப்பம் ஏற ஏற அந்த டிரான்சிஸ்டரின் கசிவு மின்னோட்டம் கூடுகிறது. குளிரூட்டிய அறையில் இரவு பத்து மணிக்குக் குமிழ்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, மே மாத நண்பகலில் சென்னையின் ஒரு மொட்டை மாடியில் அதே அமைப்பை இணைத்தேன். படத்தில் இருந்தபடியே எல்லாக் குமிழ்களும் நின்றன. ஊளை தொடங்கும் இடம் மட்டும் நகர்ந்துபோயிருந்தது. அன்று முதல் மேடைக்கு சிலிக்கான் ஃபஸ்ஸையும், வீட்டில் ஒலிப்பதிவு செய்வதற்கு ஜெர்மானியத்தையும் எடுக்கிறேன்.